ஆடி அமாவாசையும் பக்கத்து வீட்டுக் கலியாணமும்

எங்கள் வீட்டில் சமயம் வயிற்றின் வழியாகத்தான் உள்ளே போனது. கடவுள் இருக்கிறார், நல்ல பிள்ளையாக நட, பொய் சொல்லாதே என்று அப்பாவோ அம்மாவோ எங்களை இருத்தி வைத்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. அதற்கு அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை. அப்பா துறைமுகத்தடியில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். காலையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகப் புறப்பட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். அம்மாவுக்குக் குசினி வேலையே ஓயாது. ஆனால் இரண்டு பேரும் ஒரு சட்டத்தில் மட்டும் உறுதியாக இருந்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும்வரை சாப்பாடு கிடையாது. அந்த ஒன்றை வைத்தே எங்களைச் சைவப் பிள்ளைகளாக வளர்த்து எடுத்துவிட்டார்கள்.

எங்களை என்றால் என்னையும் அண்ணாவையும். கொட்டாஞ்சேனையில், கோயில் மணியும் மாதா கோயில் மணியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் அடிக்கிற ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரன் காலத்துக் கொழும்பு. இரவில் கப்பல்கள் ஊதுவது வீட்டுக்குள் கேட்கும். முன்வாசலில் நின்றால் தெரு, பின்வாசலில் நின்றால் பக்கத்து வீட்டு மதில். எங்கள் வீட்டின் முக்கியமான காரியங்கள் எல்லாம் அந்த மதிலடியில்தான் நடந்தன.

பொழுதுபட்டதும் கால் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு சாமி அறை விளக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆளுக்கொரு பதிகம், தொடக்கத்திலிருந்து முடிவுவரை. குசினியில் அம்மா தாளிக்கிற வாசம் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். அண்ணா யாழ்ப்பாண மெயில் ரயில் மாதிரி, எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் பாடிக்கொண்டு போவார். அப்பா கோபிக்க மாட்டார். கண்ணைத் திறக்காமலே “திருப்பி” என்பார். அண்ணா முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு மடங்கு நேரம் போகும் என்று கொஞ்ச நாளில் அண்ணாவுக்கு விளங்கிவிட்டது. நான் வேறு விதமான கள்ளி. இருக்கிற பதிகங்களில் எது சின்னது என்று தேடிப் பிடித்து அதையே ஒவ்வொரு நாளும் உருக்கமாகப் பாடினேன். அதைக் கேட்டுக் கோயில் ஐயரே என்னை மெச்சினார். அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

காலையில் இன்னொன்று. உலைக்கு அரிசி அளந்ததும் அம்மா என்னைக் கூப்பிடுவார். நான் என் கையால் ஒரு பிடி அரிசி அள்ளிக் குசினி மூலையில் இருந்த மண்முட்டிக்குள் போட வேண்டும். மாதம் முடிய அந்த அரிசி கோயில் அன்னதானத்துக்குப் போகும். அண்ணாவின் கை பெரிதாக இருக்க என்னை ஏன் கூப்பிட வேண்டும்? அம்மா தர்மத்திலும் கஞ்சத்தனம் பிடிக்கிறார் என்பது அண்ணாவின் கட்சி. அம்மாவிடம் கேட்டேவிட்டார். “அவளின்ரை கை வளர வளர தர்மமும் வளரட்டும்” என்றார் அம்மா. எனக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு விரல்களை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து அள்ளுவேன்.

இவை எல்லாவற்றிலும் வேடிக்கையானது காகத்துக்குச் சோறு வைப்பது. விரத நாட்களில் ஒரு காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். தலைவாழை இலையின் நுனியைக் கிள்ளி, சமைத்ததில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து அம்மா தருவார். மதில்மேல் வைப்பது அண்ணாவின் வேலை, ஏனென்றால் உயரம். கூப்பிடுவது என் வேலை, ஏனென்றால் தொண்டை. அந்த வேலையில் சிரமமே இல்லை. கொழும்புக் காகங்களுக்கு அழைப்பு வேண்டுமா? இலை குசினியை விட்டு வெளியே வரும்போதே மதிலில் வரிசையாக இருக்கும். சில நாட்களில் அண்ணாவின் கையிலிருந்தே பறித்தும் இருக்கின்றன.

ஏன் காகத்துக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு மறுமொழி வரும். காகம் சனீஸ்வரனின் வாகனம் என்பார் அம்மா. செத்துப்போன எங்கள் ஆட்கள் காகமாக வருகிறார்கள் என்பார் அப்பா. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் பூட்டனின் முதுகில் சனீஸ்வரன் ஏறியிருக்கிறார் என்றல்லவா ஆகிறது என்று நான் கேட்டேன். “வாயை மூடிக்கொண்டு கூப்பிடு” என்றார் அம்மா. வாயை மூடிக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்ட அண்ணாவுக்குக் குட்டு விழுந்தது. அப்பாவோ எப்போதும் போல, செய்துகொண்டு வா, பிறகு விளங்கும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கினார்.

அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பனார், ஒரே ஒரு தடவைதான் கொழும்புக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடிக்கிற செம்பையும் கையோடு கொண்டு வந்தவர். ஆசாரத்தில் அவ்வளவு கண்டிப்பு. அது மார்கழி மாதம், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் நாள். அம்மா விடியப்புறமே தலை தோய்ந்து, அவருக்கென்று தனியாகப் பாத்திரம் எடுத்துச் சமைத்தார். மாமனார் கொழும்பு வீட்டில் முதல்முதலாகச் சாப்பிடப் போகிறார் என்று அம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உள்ளே இலை போட்டு, தண்ணீர் தெளித்தாயிற்று. அப்பப்பா கால் கழுவுவதற்காகப் பின்பக்கம் வந்தார். அங்கே மதிலடியில் நானும் அண்ணாவும் நின்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கேக் பக்கத்து வீட்டு மாமி தந்தது. அவர்கள் கத்தோலிக்கர். எங்கள் தீபாவளிப் பலகாரம் அந்த மதிலால் அங்கே போகும், அவர்களுடைய நத்தார்க் கேக் அதே மதிலால் இங்கே வரும். அம்மாவும் மாமியும் அந்த மதிலில் கையை ஊன்றிக்கொண்டு கதைத்த கதைக்கு அளவில்லை. எங்களுக்கு அதெல்லாம் பிறந்த நாள் முதல் பழக்கம். அப்பப்பாவுக்கு அப்படி இல்லை. எங்கள் வாயைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு ஆசாரம் பழக்குகிற லட்சணம் இதுதானா என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

தகப்பனுக்கு எதிரே ஒரு வார்த்தை பேசி அறியாத அப்பா அன்றைக்குப் பேசினார். அன்பாகத் தந்ததைப் பிள்ளைகள் சாப்பிட்டால் என்ன குறைந்துபோகும் ஐயா, என்றார். அவ்வளவுதான். அப்பப்பா உள்ளே போய்ச் சால்வையைப் போட்டார், பையை எடுத்தார், செம்பை எடுத்தார், முன்வாசலால் இறங்கி நடந்தார். அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். அப்பா சோற்றைக் கட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் கோட்டை ஸ்டேஷன்வரை பின்னால் போனார். அப்பப்பா கை நீட்டவில்லை. ரயில் போய்விட, கட்டிய சோறு கட்டியபடி திரும்பி வந்தது. “கை நனைக்காமல் போயிட்டாரே” என்று அம்மா அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த வைகாசியில் அப்பப்பா மோசம் போய்விட்டதாகத் தந்தி வந்தது. அப்பா போய்க் கிரியைகளைச் செய்துவிட்டு வந்தார். ஒரு வருஷம் கழித்து யாழ்ப்பாணத்தில் திவசமும் கொடுத்தார். திவசத்தன்று கூப்பிட முந்தியே காகம் வந்து, வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டதாம். திரும்பி வந்து அம்மாவிடம் அதைச் சொன்னார். அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். கோபம் ஆறிவிட்டது, இனி யோசிக்காதேங்கோ என்றார்.

“அது அவரின்ரை வீடு. அங்கை வராமல் எங்கை போறது?” என்றார் அப்பா. “இஞ்சை வருவாரோ எண்டுதான் எனக்குத் தெரிய வேணும்.”

நானும் அண்ணாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். காகம் என்றால் காகம் என்று அதுவரை விளையாட்டாக இருந்த விஷயம் அன்றைக்குக் கொஞ்சம் மாறிப்போனது. எங்கள் அப்பா எதற்காவது பயப்படுவார் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம் அமாவாசை விரதம். அதை ஆடி அமாவாசையில்தான் தொடங்க வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அந்த வருஷம் அது ஒரு சனிக்கிழமையில் வந்தது. அப்பா கந்தோரில் லீவு எடுத்துக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு விடியவே முகத்துவாரத்துக்கு நடந்தார். ஆறு கடலில் விழுகிற அந்த இடத்தில் கொழும்புச் சைவர்கள் பாதிப்பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். ஐயர் சொல்லச் சொல்ல, அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஈர வேட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அம்மா எல்லாம் சமைத்து வைத்திருந்தார். பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு, அந்த ஒரு நாளைக்கென்றே எங்கள் ஆட்கள் தேடிப் பிடித்து வாங்குகிற காத்தோட்டங்காய். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. பிதிரருக்குப் பிடிக்குமாம். செத்தவர்களுக்குக்கூட இனிப்பாக எதையாவது கொடுக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. வழக்கம் போல இலைநுனியில் எல்லாவற்றையும் வைத்து அம்மா தந்தார். அண்ணா மதிலில் வைத்தார். அப்பா உலர்ந்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, பின்வாசலில் பலகை போட்டு இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு “கா கா” என்றேன்.

ஒரு காகமும் வரவில்லை.

காரணம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்றைக்கு மாமியின் மகளுக்குக் கலியாணம். ஆடி மாதத்தில் கலியாணமா என்று அம்மா முதலில் பதறியவர்தான். அவர்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்று என்று பிறகு ஞாபகம் வந்தது. விரத நாள், ஆனபடியால் மறுநாள் வந்து கலியாணப் பொம்பிளையைப் பார்க்கிறோம் என்று அம்மா சொல்ல, மாமியும் சரி என்றிருந்தார். காலையில் மாதா கோயிலில் கலியாணம் முடிந்து, எல்லோரும் வீட்டுக்கு வந்து, பாண்ட் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. சமையலுக்கு அடுப்பு வெட்டியிருந்தது சரியாக எங்கள் மதிலுக்குப் பின்னால். மஞ்சள் சோறு, கோழிக்கறி, இறைச்சிப் பிரட்டல். கழித்த எலும்பும் மிஞ்சிய சோறும் மூலையில் குவிந்தபடி. கொட்டாஞ்சேனைக் காகங்கள் மொத்தமும் அங்கே பந்திக்கு இருந்தன. எங்கள் பூசணிக்காயை எந்தக் காகம் திரும்பிப் பார்க்கும்?

நான் கூப்பிட்டேன். அண்ணாவும் சேர்ந்து கூப்பிட்டார். அண்ணா கொய்யா மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, “எல்லாம் அங்கைதான் நிக்குது” என்று நிலவரம் சொன்னார். மரத்திலிருந்தே கையைத் தட்டி அவற்றைக் கலைத்துப் பார்த்தார். அவை ஒரு வட்டம் சுற்றிவிட்டுத் திரும்பவும் எலும்புக் குவியலிலேயே போய் இறங்கின. கோழிக்கறி வாசம் மதிலைத் தாண்டி வந்து எங்கள் காத்தோட்டங்காயைப் பரிகசித்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. வெயில் ஏறியது, உச்சியில் நின்றது, சாயவும் தொடங்கியது.

நாங்கள் வைத்துவிட்டோம், வருவதும் வராததும் அதன் பாடு, நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அப்பா தலையாட்டவில்லை. எறும்பு வந்து இலையில் ஏறிவிட்டது, அதுவும் ஓர் உயிர்தானே என்று அம்மா அடுத்த வழியைக் காட்டினார்.

“எறும்பு எல்லா வீட்டுக்கும் வரும்” என்றார் அப்பா.

ஒரு வாய் தேத்தண்ணியாவது குடியுங்கோ என்று அம்மா கேட்டுவிட்டு, கிடைக்கப் போகிற மறுமொழி தெரிந்ததால் கேட்டபடியே குசினிக்குள் போய்விட்டார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பசி முகம் எனக்குத் தெரியும், அண்ணாவிடம் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். இது அது இல்லை. சோற்றுக் கட்டோடு ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அன்றைய முகம் இது. எனக்கு அப்பப்பாவின் மேல் சரியான கோபம் வந்தது. செத்த பிறகுமா ஒரு மனிதர் கோபம் கொண்டாடுவது? ஒரே மகன் பட்டினியாக இருக்கிறார், அங்கே போயிருந்து எலும்பு கொத்திக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு திரும்பவும் அதையே நினைத்தேன்.

அந்த நேரம் மதிலுக்கு மேலே மாமியின் தலை தெரிந்தது. பட்டுச் சேலையும் கொண்டைப் பூவுமாக, கையில் ஒரு தட்டு. விரத நாள் என்பதால் கவனமாக வாழைப்பழமும் தொதல் இனிப்பும் மட்டும் வைத்திருந்தார். மதிலில் இலை அப்படியே இருப்பதைக் கண்டு, நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணா என் கையை நுள்ளினார். என் வாய் எந்தக் காலத்தில் நுள்ளுக்கு அடங்கியது? காகம் வரவில்லை, வந்தால்தான் அப்பா சாப்பிடுவார், எல்லாக் காகமும் உங்கள் வீட்டில் நிற்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வேறு நாளைக்கு என்றால் பரவாயில்லை, இன்றைக்கு அது அப்பப்பா, எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமிக்கு அந்த நத்தார் நாள் மறக்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நடந்தது எதுதான் அவருக்குத் தெரியாது?

“அண்டைக்கும் எங்கட கேக்கால. இண்டைக்கும் எங்கட சோத்தால” என்றார். தட்டை அண்ணாவிடம் கொடுத்துவிட்டு மறைந்துபோனார்.

பிறகு அந்தப் பக்கம் நடந்ததைக் கொய்யா மரத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். மாமி சமையற்காரர்களை அதட்டினார். எலும்புக் குவியலுக்கு மேல் சாக்குகளைப் போட்டு மூடச் சொன்னார். கிடாரங்களுக்கு மூடி போடச் சொன்னார். பந்தி அரைவாசியில் இருந்தவர்களிடம் போய் ஏதோ சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். காகங்கள் இடம் இழந்து கரைந்துகொண்டு தென்னைகளிலும் கூரையிலும் போய் இருந்தன. மாமி மதிலடிக்கு வந்து, பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்து “கா” என்றார். அவருடைய தம்பி கோட்டும் கழுத்துப் பட்டியுமாக வந்து “கா கா” என்றார். துறைமுகத்து நண்பராக வந்திருந்த பறங்கித் துரை ஒருவர், எதற்கென்று கேட்காமலே தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்தார். இரண்டு சிங்களப் பெண்கள் தங்கள் வழக்கப்படி கூப்பிட்டார்கள். கடைசியில் வெள்ளை உடுப்பும் முக்காட்டுத் துணியுமாகப் பொம்பிளை அக்காவே வந்துவிட்டார். பூங்கொத்தை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் அண்ணா மரத்திலிருந்து விழப் பார்த்தார். மாப்பிள்ளை பூங்கொத்தைப் பிடித்தபடி தன் வாழ்க்கையை யோசித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். அப்பாவும் வந்தார். மதிலுக்கு மேலே வரிசையாக மனிதத் தலைகள், எல்லாம் “கா கா” என்கின்றன. அந்தச் சத்தத்துக்கு எந்தக் காகம் வரும்? இருந்த காகங்களும் எழும்பி அடுத்த ஒழுங்கைக்குப் போகப் பார்த்தன. அப்பாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சிரித்தேவிட்டார். அவர் சிரித்தே கனகாலம். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி மதில் முழுவதையும் கும்பிட்டு, கொஞ்சம் பொறுங்கோ என்றார். எல்லோரும் வாயை மூடினார்கள். பாண்ட் வாத்தியக்காரரும் என்னவோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள்.

அப்பா மதிலடிக்குப் போனார். காகத்தை அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அது எப்போதும் என் வேலை. அன்றைக்கு அவரே கூப்பிட்டார். கா கா என்று இல்லை.

“ஐயா, வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ.”

சாப்பாட்டு நேரத்தில் உள்ளறையில் இருக்கிற தகப்பனைக் கூப்பிடுவது எப்படியோ அப்படித்தான் இருந்தது அந்தக் குரல். கூரையிலிருந்த காகங்களில் ஒன்று தலையைச் சரித்துக் கீழே பார்த்தது. கழுத்துச் சாம்பல் நிறமான, வயிறு பருத்த காகம். பறந்து வந்து மதிலில் இறங்கியது. அண்ணாவும் நானும் மூச்சு விடவில்லை. மரத்திலிருந்து பார்க்க எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதன் அலகில் இரண்டு மூன்று மஞ்சள் பருக்கை ஒட்டியிருந்தது. அது இலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சோற்றில் ஒரு வாய் வைத்தது. காத்தோட்டங்காயில் ஒரு துண்டை எடுத்து விழுங்கியது. அப்பாவை ஒரு பக்கக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டினார்கள். மாமி சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். வாத்தியக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். பறங்கித் துரை என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்துக்கொண்டு பந்திக்குத் திரும்பினார்.

நாங்கள் சாப்பிட இருந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது, ஆனால் அதைப் போல் ருசியாக ஒரு சோற்றை நான் சாப்பிட்டதில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த மஞ்சள் பருக்கை என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அப்பா ஏமாந்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாகவும் இருந்தது. அதனால் கேட்டேன். அப்பப்பா மாமி வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தவர், அலகில் அந்த வீட்டு மஞ்சள் சோறு ஒட்டியிருந்ததை நான் கண்டேனே, என்றேன்.

அண்ணா தலையில் கையை வைத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். கேக்குக்காக, போட்ட இலையில் இருக்காமலே போனவர், கோழிக்கறியில் கொத்திவிட்டு வந்திருக்கிறார் என்று விரத இலைக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். அப்பா பிசைந்த சோற்றைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். நான் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடினேன்.

“ஓம் பிள்ளை, நானும் கண்டனான்” என்றார் அப்பா. “அவர் வயிறு நிறைஞ்சுதான் வந்தவர்.”

கண்ணைத் திறந்தேன். அவருக்குக் கண் நிறைந்திருந்தது. முகம் சிரித்தபடி இருந்தது.

“பசிக்கு வரேல்லை. நான் கூப்பிட்டதுக்கு வந்தவர்.”

சொல்லிவிட்டுக் கவளத்தை வாயில் வைத்தார். பிறகு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.